அரிதான ஆங்கில சர்நேமைப் பிள்ளைக்கு முதல் பெயராக வைக்கப் போகிறீர்களா?

மேசன், ஹார்ப்பர், பார்க்கர், ஜாக்சன், கார்ட்டர், மேடிசன். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று இதில் எதைக் கூப்பிட்டாலும் நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். எல்லாமே ஒரு காலத்தில் சர்நேமாக மட்டும் இருந்தவை. இப்போது அவை சலித்துப்போய், யாரும் வைக்காத ஒரு சர்நேமைத் தேடிப் பிடித்துப் பிள்ளைக்கு முதல் பெயராக்க நிறையப் பேர் அலைகிறார்கள், லண்டன், டொராண்டோப் பக்கம் இருக்கும் நம் ஆட்களும் அதில் உண்டு. அலைகிற விதம்தான் சரியில்லை. 'அழிந்துவரும் ஆங்கிலக் குடும்பப்பெயர்கள்' என்று இணையத்தில் ஒரு பட்டியலைத் திறந்து, பார்க்க அழகாக இருக்கிற ஒன்றில் விரலை வைத்து, சரி இதுதான் என்று முடித்துவிடுகிறார்கள். ஜான், மேரி மாதிரி ஊருக்கெல்லாம் பொதுவான பெயர் இல்லை சர்நேம். அது ஒரு ஊரிலிருந்தோ தொழிலிலிருந்தோ கிளம்பி, குறிப்பிட்ட சில குடும்பங்கள் பல நூறு வருஷம் சுமந்து வந்தது. அரிதான பெயர் என்றால் சுமந்தவர்களும் கொஞ்சம் பேர்தான், அவர்களில் ஒருவர் செய்த காரியம், நல்லதோ கெட்டதோ, அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே பெயருக்கு முன்னால் பெயரின் ஆட்களைத் தேடுங்கள், எழுத்து அழகு, ராசி, எண் கணிதம் எல்லாம் அப்புறம்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. நமக்கு சர்நேம் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். அதனால் வெள்ளைக்காரர்களின் சர்நேம் நம்மிடம் வந்ததும் நேராக ஆளின் பெயராகவே உட்கார்ந்துவிட்டது. நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் வில்சன், நெல்சன், ஜான்சன், எடிசன் எல்லாம் தெருவுக்கு ஒருவர் இருப்பார். தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் நினைவாகப் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராகி, 1895ல் திறந்த ஓர் அணையின் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைப்பெயராகிவிட்டது. இது முதல் பெயரா கடைசிப் பெயரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, தண்ணீர் கொடுத்தவர் பெயர் என்றால் போதும்.

இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் அம்மா வழியாக வந்தது. கல்யாணமானதும் பெண்ணின் சர்நேம் போய்விடும். அதைக் காப்பாற்ற ஒரு மகனுக்கு அதையே முதல் பெயராக வைப்பார்கள், முக்கியமாக அந்தப் பக்கத்திலிருந்து நிலமோ சொத்தோ வருகிறது என்றால். ஒன்பது நாள் மட்டும் ராணியாக இருந்த ஜேன் கிரேயின் கணவர் பெயர் கில்ஃபர்ட் டட்லி, கில்ஃபர்ட் என்பது அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றாசிரியர் 1605லேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார், சர்நேமை ஞானஸ்நானப் பெயராக வைக்கும் வழக்கம் கிறிஸ்தவ உலகத்தில் இங்கிலாந்தைத் தவிர வேறெங்கும் இல்லை என்று. வின்ஸ்டன் சர்ச்சிலின் 'வின்ஸ்டன்' கூட இப்படி வந்ததுதான். நமக்குத் தெரிந்த சர்ச்சிலுக்கு மூதாதையான, 1620ல் பிறந்த முதல் வின்ஸ்டன் சர்ச்சிலின் தாயார் சாரா வின்ஸ்டன்.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் கதை மாறியது. பெர்சி, சிட்னி, ஸ்டான்லி, ஹோவர்ட், டட்லி, நெவில் என்று பிரபுக் குடும்பங்களின் சர்நேம்களை, அந்தக் குடும்பங்களோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத நடுத்தர வர்க்கத்தினர் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். பெரிய வீட்டுக் களை தன் பிள்ளைக்கும் வரட்டும் என்ற ஆசை. அது கப்பலேறிக் காலனிகளுக்கும் போனது. இலங்கைப் பிரதமராக இருந்த டட்லி சேனநாயக்க, முழுப்பெயரில் பெர்சி மகேந்திர ராஜபக்சவாக இருக்கும் மகிந்த ராஜபக்ச, இவர்களின் டட்லியும் பெர்சியும் பழைய ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களின் சர்நேம்கள். இன்றைக்கு டட்லி என்றோ நெவில் என்றோ ஒரு பையனுக்கு வைத்தால் இங்கிலாந்திலேயே தாத்தா பெயர் மாதிரி இருக்கும். பிரபு வாசனைக்காக எடுத்த பெயர் சீக்கிரம் பழசாகிவிடும் என்பது என் எண்ணம், அம்மா வழியில் வந்தது அப்படி ஆவதில்லை, ஏனென்றால் அதற்கு நாகரிகம் காரணமே இல்லை.

ஆகவே தேடலை வீட்டுக்குள்ளிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் யாழ்ப்பாணமோ மதுரையோ, வீட்டுக்காரி யார்க்‌ஷயர் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு அப்பா வழிப் பெயர் கடைசியில் வந்துவிடப் போகிறது, அம்மா வழிப் பெயர் எங்கும் வராது. வீட்டுக்காரியிலிருந்து நாலு தலைமுறை மேலே போனால் பதினாறு பேர் கிடைப்பார்கள், அதாவது பதினாறு சர்நேம் வரைக்கும் உங்கள் கையில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837ல் தொடங்கியது, பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலிலேயே அந்தக் காலப் பிறப்புகளுக்கும் அது போட்டிருக்கிறது, அந்தக் கண்ணியைப் பிடித்து மேலே மேலே ஏறிவிடலாம். திருமணச் சான்றிதழை நம்பி உட்கார்ந்தால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள், அதில் மணமக்களின் அப்பா பெயரும் தொழிலும் மட்டும்தான் இருக்கும், அம்மா பெயரைச் சேர்க்க 2021 மே மாதம் வரைக்கும் இடமே இல்லை. இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. மாமியாரிடம் உட்கார்ந்து, அவருடைய அம்மாச்சி பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார், ஹோல்ராய்ட், ஆக்ராய்ட், தேக்ரே என்று நீங்கள் கேள்விப்படாத நாலு பெயர் வரும், கூடவே யார் குடித்தே அழிந்தார், யார் மில்லில் வேலை பார்த்து வீடு கட்டினார் என்பதும் வரும். எந்த இணையப் பட்டியலிலும் இது கிடைக்காது.

குடும்பத்தில் ஆங்கிலேயர் யாரும் இல்லை, ஆனாலும் இந்த வகைப் பெயர் பிடித்திருக்கிறது என்றால் ஊர்ப்பெயர் வழியாகப் போங்கள், அதுதான் பத்திரமான வழி. ஆங்கில சர்நேம்களில் பெரும்பங்கு ஊர்ப்பெயர்தான். ஒருவர் தன் ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போனால் அங்கே அவரைப் பழைய ஊர்ப்பெயரால் கூப்பிடுவார்கள், அது அப்படியே பரம்பரைக்கும் நின்றுவிடும். டன், லி, ஃபர்ட், வொர்த், ஹர்ஸ்ட் என்று முடிகிறவை எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. பெயரைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பி என்று முடிந்தால் டேனிஷ்காரர்கள் குடியேறிய யார்க்‌ஷயர், லிங்கன்‌ஷயர் பக்கம், ராய்ட் என்று முடிந்தால் ஹாலிஃபாக்ஸைச் சுற்றிய மலைப்பக்கம், ட்ரெ, பொல், பென் என்று தொடங்கினால் கார்ன்வால். டென்சில் என்ற பெயர் கூட கார்ன்வாலில் உள்ள ஓர் இடத்தின் பெயரிலிருந்து வந்ததுதான், ஹாலிவுட் நடிகர் டென்சல் வாஷிங்டன் வரைக்கும் போயிருக்கிறது.

இதில் ஓர் ஆதாயம் என்னவென்றால், ஊர் உங்களுடையதாகவும் இருக்கலாம். வடமேற்கு லண்டனில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் கென்டன், பிரஸ்டன் ரோட்டின் பிரஸ்டன், தெற்கே டூட்டிங்கை ஒட்டிய மெர்டன், இவை எல்லாம் ஊர்ப்பெயர், சர்நேமும் கூட, முதல் பெயராகவும் தாங்கும். பால் மெர்டன் என்ற நகைச்சுவைக் கலைஞர் தான் வளர்ந்த மெர்டனின் பெயரைத்தான் மேடைக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளை பெரியவனாகி 'எனக்கு ஏன் இந்தப் பெயர்' என்று கேட்டால், 'நாங்கள் முதன்முதலில் வீடு எடுத்த இடம்டா' என்று சொல்லலாம், ஒரு பெயருக்கு இவ்வளவு காரணம் போதும். டூட்டிங் என்றே வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சுரங்கம் இருக்கிறது. ஹாடோஸ் ரோடு, கிரீம்ஸ் ரோடு, ஹாரிங்டன் ரோடு, கீழ்ப்பாக்கத்தில் லேண்டன்ஸ் ரோடு, ஆர்ம்ஸ் ரோடு. தினமும் ஆட்டோக்காரரிடம் சொல்கிற இவை எல்லாம் சர்நேம்கள்தான். லேண்டன் அமெரிக்காவில் ஏற்கெனவே பையன்கள் பெயராக நன்றாக ஓடிவிட்டது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் சென்னைக்கு லீவுக்கு வரும்போது அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்கிற ஒவ்வொருவரும் ரோடு என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். ஸ்பென்சர் என்று வைத்தால் கேட்கவே வேண்டாம், மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் பிளாசாதான் எல்லோருக்கும் முதலில் வரும்.

தொழில்பெயர்களில் நல்லவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. கொத்தனார் மேசன், வண்டிக்காரர் கார்ட்டர், பீப்பாய் செய்கிற கூப்பர், ஓடு வேய்கிற டைலர், அம்பு செய்கிற ஃப்ளெட்சர் எல்லாம் பட்டியலில் மேலே ஏறிவிட்டார்கள். இன்னும் அவ்வளவாகத் தொடாதவை என்றால் குதிரைக் கடிவாளச் சாமான் செய்த லோரிமர், வண்டி செய்த வெயின்ரைட், கோர்ட்டுச் சம்மன் கொண்டுபோன சம்னர். இதில் லோரிமர் எனக்குப் பிடிக்கும். கெல்லாக் கேட்க நன்றாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பன்றி அறுக்கிறவருக்கு எசெக்ஸ் பக்கம் இருந்த பட்டப்பெயர் அது, அதோடு காலை உணவு டப்பாவும் நினைவுக்கு வரும். ஃபிட்ஸ்ராய் என்பதற்கு அரசனின் மகன் என்று பொருள் போட்டிருப்பார்கள், எந்த மகன் என்று போட்டிருக்க மாட்டார்கள். ராஜாக்களுக்குக் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர் அது, எட்டாம் ஹென்றிக்கு 1519ல் அப்படிப் பிறந்த மகன் ஹென்றி ஃபிட்ஸ்ராய். ஸ்காட்லாந்துப் பெயர்களில் கேம்பெல் கோணல் வாய், கேமரன் கோணல் மூக்கு. பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கிற நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதை எல்லாம் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. உண்மையான பொருள் தெரிய வேண்டுமென்றால் குழந்தைப்பெயர்த் தளங்களை விட்டுவிடுங்கள், அங்கே எல்லாப் பெயருக்கும் வீரன் அல்லது தேவதை என்றுதான் போட்டிருக்கும். 2016ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் பிரிட்டன், அயர்லாந்துக் குடும்பப்பெயர்களுக்கு 45,000க்கு மேற்பட்ட பெயர்களோடு நாலு தொகுதி அகராதி போட்டிருக்கிறது, நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம், அந்தப் பெயரை முன்பு வைத்திருந்தவர்கள் யார் என்பது.

முதலில் நம் பக்கத்து விஷயம். பானர்மேன் என்று ஒரு சர்நேம் இருக்கிறது, கொடி பிடித்துப் போகிறவர், கேட்கக் கம்பீரமாக இருக்கும், அரிதும் கூட. 1799ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் மேஜர் பானர்மேன். ஆஷ் இப்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாகரிகமான சின்னப் பெயர். ஓர் அமெரிக்கருக்கு அந்தப் பெயரைக் கேட்டால் 1975ல் விம்பிள்டன் ஜெயித்த ஆர்தர் ஆஷ் நினைவுக்கு வருவார். திருநெல்வேலிக்காரருக்கு 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷ். ஒரே பெயர்தான், எந்த வீட்டில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டையர் என்றால் சாயம் தோய்க்கிறவர், பாவம் அந்தப் பெயரில் எத்தனையோ நல்ல நெசவூர்க் குடும்பங்கள் இருந்திருக்கும், ஆனால் 1919 ஜாலியன்வாலா பாக்குக்கு அப்புறம் ஓர் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதை வைக்க முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லிஸ் என்று வைத்தால், திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816லேயே எழுதிக்காட்டிய, குறளுக்கு உரை எழுதிய, தன்னை எல்லீசன் என்று தமிழாக்கிக்கொண்ட பிரான்சிஸ் வைட் எல்லிஸ் இருக்கிறார். பெயரும் சின்னது, தமிழ் வாய்க்குத் தடை இல்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் போகும். அபூர்வம் என்று சொல்ல முடியாது, பிரிட்டனில் ஓரளவு புழங்குகிறது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அப்புறம் அடிமை வியாபாரம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பப்பெயர்கள் பலவற்றின் பின்னால் கரீபியன் கரும்புத் தோட்டம் இருக்கும். பெக்ஃபர்ட், கோட்ரிங்டன், டிராக்ஸ், லாசெல்ஸ் எல்லாம் அப்படி. கோல்ஸ்டன் என்பது கேட்க எவ்வளவு சாதுவான பெயர், பிரிஸ்டலில் 2020 ஜூனில் கூட்டம் சேர்ந்து துறைமுகத் தண்ணீரில் தள்ளிய சிலை எட்வர்ட் கோல்ஸ்டனுடையது. இதைச் சரிபார்ப்பது கஷ்டமே இல்லை. அடிமை முறையை ஒழிக்கும் 1833 சட்டத்தின்படி அரசாங்கம் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு இல்லை, உடைமைக்காரர்களுக்கு. யார் யார் வாங்கினார்கள் என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஒரு தரவுத்தளமாகப் போட்டிருக்கிறது, இலவசம்தான், சர்நேமைத் தட்டினால் போதும். ஒரு பெயர் அதில் வந்துவிட்டால் உடனே தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஸ்மித்தும் வரும் ஜோன்சும் வரும். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அந்த ஓர் ஆளோடு அது இறுகிப்போயிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கரீபியன் பக்கத்து மக்களில் பலருக்கு அந்த சர்நேம்களே பரம்பரைப் பெயராகிவிட்டன, அவர்கள் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டது இல்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

கொலைகாரர்களையும் பாருங்கள். சட்க்ளிஃப் அருமையான யார்க்‌ஷயர்ப் பெயர், ஹெர்பர்ட் சட்க்ளிஃப் என்ற பெரிய பேட்ஸ்மேனின் பெயர். பீட்டர் சட்க்ளிஃப் என்பவன் 1981ல் பதின்மூன்று பெண்களைக் கொன்றதற்குத் தண்டனை பெற்றபிறகு வடக்கு இங்கிலாந்தில் அதை முதல் பெயராக வைக்க யாருக்கும் மனம் வராது. ஷிப்மன் என்றால் நோயாளிகளைக் கொன்ற டாக்டர். வெளியூர்க்காரர்களான நமக்கு இது தெரியாமல் இருக்கலாம், பிரசவ வார்டில் பெயரைக் கேட்கிற நர்சுக்குத் தெரியும். சர்நேமைத் தேடுபொறியில் தனியாகப் போட்டும், 'கொலை', 'வழக்கு', 'அடிமை' என்ற சொற்களின் ஆங்கிலத்தோடு சேர்த்துப் போட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆட்கள் தேறிவிட்டார்கள் என்றால் அடுத்தது உச்சரிப்பு. ஆங்கில சர்நேம்களில் எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லாதவை உண்டு. எழுத்துக்கூட்டினால் சோல்மாண்டெலி என்று வருவதைச் சம்லி என்பார்கள். ஃபெதர்ஸ்டோன்ஹா என்று ஆங்கிலத்தில் பதினாறு எழுத்துக்கு நீளுவது வாயில் ஃபேன்ஷா. பியூசாம்ப் என்று பிரெஞ்சு மாதிரி நிற்பது பீச்சம், மெயின்வேரிங் என்பது மேனரிங், மார்ஜோரிபேங்க்ஸ் என்பது மார்ச்பேங்க்ஸ். ஸ்காட்லாந்தில் மிங்கிஸ் என்கிற பெயர் ஆஸ்திரேலியா போனால் மென்சீஸ். இப்படி ஒரு பெயரை வைத்தால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரண்டு வேலை, எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது ஒன்று, ஒலியைச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. நம் கடைசிப் பெயரில் ஏற்கெனவே விக்னேஸ்வரன், பாலசுப்பிரமணியம் என்று ஒரு ரயில் நிற்கும்போது முன்னாலும் ஒரு சிக்கல் எதற்கு? ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். பெயரை ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதி, விஷயம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். இன்னொருவருக்குப் போனில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக வந்தால் பெயர் தேறிவிட்டது.

மூன்றாவது பரீட்சை அப்பத்தாவுக்கு. ஊரிலிருக்கும் அப்பத்தாவுக்கோ அப்பம்மாவுக்கோ போன் போட்டுப் பெயரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மெய்யில் முடிகிற பெயருக்குப் பின்னால் நம் வாய் ஓர் உகரத்தைப் போட்டுக்கொள்ளும் என்பது தெரியும்தானே, அதில்தான் வம்பு. கிர்க் என்று ஸ்டைலாக ஒரு பெயர் வைப்பீர்கள், அங்கே அது 'கிறுக்கு' ஆகிவிடும், ஊரில் எல்லோரும் உங்கள் பிள்ளையைக் கிறுக்கு கிறுக்கு என்று கொஞ்சுவார்கள். மையர்ஸ் இன்னும் மோசம், அதை நான் விளக்க மாட்டேன். மூடி, மாட் இரண்டும் வேண்டாம். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத்தை ஒட்டி ஒரு துறைமுக ஊர் இருக்கிறது, அந்த ஊர்ப்பெயரும் ஒரு சர்நேம்தான், தமிழ் வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்லவே முடியாது, வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டா, ஸ்பெ என்று தொடங்கினால் முன்னால் ஓர் இகரம் சேரும், அது பரவாயில்லை. ஆர்டன், எல்லிஸ், மெர்டன், லேண்டன் மாதிரிச் சின்னப் பெயர்கள் தமிழ் வாயில் சுகமாக உருளும். ஆர்டன் என்பது வார்விக்‌ஷயர்ப் பக்கத்துப் பழைய பெயர், ஷேக்ஸ்பியரின் அம்மா மேரி ஆர்டன், நான் சொல்லும் எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடுகிறது.

ஆணா பெண்ணா என்பதில் சர்நேமுக்கு நிலையான பதில் கிடையாது. ஷெர்லி ஒரு குடும்பப்பெயர். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த பெற்றோர் அந்தப் பெயரைப் பெண்ணுக்கே வைத்துவிடுவதாக 1849ல் சார்லட் பிராண்டி ஒரு நாவல் எழுதினார், அதற்கப்புறம் அது பெண் பெயராகவே போய்விட்டது. ஆஷ்லி, பெவர்லி, லெஸ்லி எல்லாம் பையன்களிடமிருந்து பெண்களுக்குப் போனவை. லி என்று முடிகிற பெயரைப் பையனுக்கு வைத்தால் அவன் கல்லூரி போகும்போது அது பெண் பெயராகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, எதிர்த்திசையில் போனதாகப் பெரிதாக எதுவும் இல்லை. மகன் என்ற பொருளில் 'சன்' என்று முடிகிற மேடிசனும் ஆடிசனும் எமர்சனும் அமெரிக்காவில் பெண்களுக்கு ஓடுகின்றன, அதனால் பொருளை வைத்தும் எதையும் முடிவுசெய்ய முடியாது.

அரிதுதானா என்று பார்ப்பது சுலபம். இங்கிலாந்து, வேல்ஸ் புள்ளியியல் அலுவலகம் வருஷாவருஷம் வெளியிடும் பட்டியலில் மூன்று பிள்ளைகளுக்காவது வைத்த பெயர் எல்லாம் வரும், அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பட்டியலில் ஐந்து பேருக்காவது வைத்தது வரும். உங்கள் பெயர் இரண்டிலும் இல்லை என்றால் உண்மையிலேயே அபூர்வம். இருந்தால், இந்த வருஷ எண்ணை மட்டும் பார்க்காமல் கடைசிப் பத்து வருஷத்தைப் பாருங்கள், மெதுவாக ஏறுகிறது என்றால் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வகுப்பில் மூன்று பேர் இருப்பார்கள். 1984ல் ஒரு ஹாலிவுட் படத்தில் கடற்கன்னி ஒருத்தி நியூயார்க்கின் மேடிசன் அவென்யூ பலகையைப் பார்த்துத் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டாள், அதுவரை பெண்களுக்கு அநேகமாக யாருமே வைக்காத அந்தப் பெயர் 2001ல் அமெரிக்காவில் இரண்டாம் இடம். பெக்கம் குடும்பம் 2011ல் மகளுக்கு ஹார்ப்பர் என்று வைத்தது, அதன் கதையும் தெரிந்ததே. எந்த நடிகர் நாளைக்கு என்ன வைப்பார் என்று நம்மால் தடுக்க முடியாது, அதனால் அபூர்வம் ஒன்றுக்காக மட்டும் ஒரு பெயரை எடுக்காதீர்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. கடைசிப் பெயர் குமார், ரவி, ராஜன் என்று இருந்து, முதல் பெயர் ஆங்கில சர்நேமாக இருந்தால், படிவத்தை வாங்குகிறவர் இரண்டையும் மாற்றிப் படித்துவிடுவார். லோரிமர் குமார் என்றால் குமார்தான் பிள்ளை, லோரிமர் குடும்பம் என்று முடிவுகட்டி, 'டியர் மிஸ்டர் லோரிமர்' என்று அப்பாவுக்குக் கடிதம் வரும். பல் மருத்துவரிடம் லோரிமர் என்ற பெயரில் பதிவு செய்திருப்பீர்கள், கணினியில் எல் எழுத்தில் தேடுகிறவருக்குக் கிடைக்கும், கே எழுத்தில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. கடைசிப் பெயர் சிவஞானசுந்தரம் மாதிரி நீளமாக, சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருந்தால் இந்தக் குழப்பம் வராது. இல்லையென்றால் நடுவில் ஒரு தமிழ்ப் பெயரைப் போடுங்கள், எல்லிஸ் கதிர் குமார் என்பது போல, வீட்டில் கதிர் என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். அல்லது தமிழ்ப் பெயர் முதலில், சர்நேம் நடுவில். மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் நடுவில் இருந்தாலே போதும், ஆங்கிலேயக் குடும்பங்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆங்கிலப் பக்கத்தில் கடைசிப் பெயரும் சர்நேம் மாதிரியே ஒலித்தால், கார்ட்டர் கூப்பர் என்பது போல, ஏதோ வக்கீல் அலுவலகப் பலகை மாதிரி இருக்கும், அதையும் வாயால் சொல்லிப் பாருங்கள்.

சட்டப்படி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய தடை இல்லை. ஜெர்மனியில் இருக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், சர்நேமை முதல் பெயராக ஏற்க அங்கே வழக்கமாகவே தயங்குவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், ஸ்காட்லாந்தில் 21 நாள். அந்த நாட்களை வீணாக்காமல் வீட்டில் அந்தப் பெயரையே கூப்பிட்டுப் பாருங்கள், அழுகிற பிள்ளையை நடுராத்திரியில் அந்தப் பெயரால் சமாதானப்படுத்த வாய் வருகிறதா என்று தெரிந்துவிடும். பதிந்த பிறகும் மனம் மாறினால் 12 மாதத்துக்குள் முதல் பெயரை மாற்றிக்கொள்ள இங்கிலாந்தில் வழி இருக்கிறது, ஆனால் அதற்குள் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். பதிவாளர் திரையில் தட்டுகிறபோது ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள், இந்த மாதிரிப் பெயர்களில் ஒரே பெயருக்கு மூன்று நாலு எழுத்துமுறை இருக்கும், தேக்ரேக்கே எத்தனையோ உண்டு, உங்கள் வீட்டுப் பாட்டியின் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே எடுத்துக்கொண்டு போய் எதிரில் வையுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காட்டுகிற பக்கத்தை இரண்டு பேரும் தனித்தனியாக வாசியுங்கள்.